வெளுத்துத் தெரிந்த தொடை

பயிற்சி மையத்தில் அவள் எல்லோருக்கும் 'ஜெல் அக்கா'தான். ஓட்டக்காரர்களின் தொடையில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து, ஓடுவதற்கான சக்தி தசைக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஊசி இல்லை, வலி இல்லை. திரையில் தசை கறுத்துத் தெரிந்தால் நிறைய இருக்கிறது. வெளுத்துத் தெரிந்தால் காலி. இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

கோச் சும்மா இருக்கிற ஆளா? ஸ்கேனில் யாருக்கு எவ்வளவு மார்க் என்று சுவரில் ஒட்டிவிட்டார். கடைசியில் இருப்பவருக்குப் போட்டியில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். போன வாரம் கடைசியில் இருந்தவள், 'நெட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் பெண். நாளை நெடுந்தூர ஓட்டம். இன்று திரையில் அவள் தொடை போன வாரத்தைவிட வெளுத்திருந்தது.

"என்னடி இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி? நல்லா சாப்பிட்டு ரெஸ்ட் எடுன்னு சொன்னேனே!"

"படுத்துக் கிடந்தா மார்க் எப்படிக்கா ஏறும்? அதான் தினமும் விடியக்காலைல தனியா ஓடினேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓட ஓடத் தீரும்டி! சேரணும்னுதானே படுக்கச் சொன்னேன்? எத்தனை தடவை கத்துறது?"

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

கோச் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "இவ எப்படி?"

ஒரு பொய் சொன்னால் இவளுக்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கால்களோடு பாதி வழியில் சுருண்டு விழுவாள்.

"காலி சார். நாளைக்கு வேண்டாம்." அக்கா கருவியைக் கீழே வைத்தாள். "முதல்ல சுவர்ல ஒட்டினதைக் கிழிங்க. அதைப் பார்த்துதான் இது இப்படிப் பேயா ஓடியிருக்கு."

"அது இருந்தாத்தான் ஒரு பயம் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு அவர் மாற்று ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். இவரிடம் பேசுவதும் அந்தச் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான்.

நெட்டை தொடையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும் என்று அக்கா கருவியைத் துடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மைதானத்திலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள், ஜெல் கையோடு படியிறங்கி ஓடினாள். ஓடுபாதைக்கு நடுவில் கைகளை விரித்து நின்றாள்.

"நில்லுடி, பாவி!"

நெட்டை நிற்கவில்லை. கண்ணீரும் வேர்வையுமாக அவளைச் சுற்றி விலகி ஓடினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அடுத்த ஸ்கேனுக்குள்ள எப்படியும் மார்க்கை ஏத்திடறேன்."