வாசலில் ஒரு பால் புட்டி

திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் மதுரை வண்டிக்காகக் காத்திருக்கிறேன். லண்டனுக்கு வெளியே ஓர் அமைதியான தெருவில், தனி வாசல் உள்ள அறையில் தங்கிப் படிக்கிறான் என் மகன். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறான். கடிதம் நேற்று வந்தது.

என் பக்கத்தில், மதுரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் சமையல்காரராக லண்டன் போய், அப்படியொரு தெருவில் இரண்டு வருஷம் இருந்தவராம்.

"அடுத்த வீட்டுக்காரங்க பேசவே மாட்டாங்களா, பாய்?"

"பேசுவாக. நான் நனஞ்சுக்கிட்டு நிப்பேன், 'மழை பெய்யுது'ம்பாக!" சிரிக்கிறார். "சும்மா போய்க் கதவத் தட்டுனா மரியாதக் கொறச்சலு, அய்யா. எங்க தொரசாணி பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கே சீட்டு எழுதி அனுப்பும்."

"அப்ப ஒருத்தன் உள்ள மயங்கிக் கிடந்தா?"

"பால்காரன் இருக்கான்ல! விடியுமுன்ன வாசல்ல புட்டிய வச்சிட்டுப் போவான். நேத்து வச்ச புட்டி எடுக்காமக் கெடந்தா அம்புட்டுத்தான், தெருவையே எழுப்பிருவான்."

என் மகனுக்குப் பால் பிடிக்காது. வண்டியில் ஏறியதும் எழுதத் தொடங்குகிறேன்: தினமும் ஒரு புட்டி பால் வாங்கு. குடிக்க வேண்டாம், எடுத்து உள்ளே வைத்தால் போதும்.