செலஸ்ரீனாவின் டிஸ்க் ஒரேத்தோவுக்குப் போன கதை

செலஸ்ரீனா யாரையும் நம்பமாட்டாள். இத்தாலியில் இந்தப் பலேர்மோவில் பஸ் ஏறினால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்பவர்கள் பலர் உண்டு. இவள் வீட்டுக்குள்ளேயே அணைத்துக்கொண்டு திரிவாள். சந்தையில் மீன் வாங்கும்போது, தாளில் சுற்றுகிற சாட்டில் மீன்காரன் வேறொன்றை வைத்துவிடுவான் என்று மீனின் முகத்தை மனப்பாடம் செய்துகொள்வாள். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்துப் பார்த்து, "ஓம், இவர்தான்" என்பாள். என் காதால் கேட்டிருக்கிறேன்.

பிறந்தது மன்னார்ப் பக்கம் பேசாலையில். இங்கே வந்த நாள்தொட்டு ஒரு கிழட்டு இத்தாலியச் சீமாட்டியை, சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வசவும் வாங்கிக் காலம் தள்ளினாள். பிறகு வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் கடையை மூடிய ஒரு தையற்காரரிடம், பூத்தையல் மெஷினும் அதை ஓட்டுகிற பழைய கொம்பியூட்டரும் மலிவாகக் கிடைத்தன. போர்கோ வெக்கியோ வீட்டு முன்னறையில் இரண்டையும் வைத்தாள். கலியாணச் சட்டை, கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் உடுப்பு, பீடத்துணி என்று வேலை வர வர, சிஞ்ஞோரா வீட்டுப் படியிலிருந்து ஒருவழியாக இறங்கிவிட்டாள்.

சிஞ்ஞோராவின் மகன் மட்டும் விடவில்லை. "அம்மா உன்னைத்தான் கேட்கிறா, உனக்குப் போட்ட மடக்குக் கட்டிலும் அப்படியே இருக்கிறது" என்று அடிக்கடி போன் எடுப்பான். கட்டில் என்ற சொல்லைக் கேட்டாலே செலஸ்ரீனாவுக்கு முதுகு வலிக்கும்.

எங்கள் கோயிலுக்கு வரும் விமலராணியின் மகள் ஜெசிக்காவுக்குச் சனிக்கிழமை கலியாணம்; சட்டை செலஸ்ரீனாவின் வேலை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கொம்பியூட்டரின் டிஸ்க் சயரோகக்காரன் போல இருமி இருமிச் செத்தது. மணப்பெண்ணின் சட்டைக்கான பூ டிசைன் கடுதாசியில் இருந்ததால் தப்பியது. ஆனால் கொம்பியூட்டர் எழும்பினால்தான் மெஷின் ஓடும். சட்டை பிசகினால் விமலராணி சும்மா இருக்கமாட்டாள். அவள் கோயில் வாசலில் கதைத்தால் தீவின் மறுகரையில் கத்தானியாவில் இருப்பவர்கள் யன்னலைச் சாத்துவார்கள். அதற்குப் பிறகு யார் துணி கொண்டு வருவார்கள்? சிஞ்ஞோரா வீட்டு மடக்குக் கட்டில்தான் கதி.

ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் றஞ்சித்துக்கு இந்தப் பெட்டிகள் கொஞ்சம் பிடிபடும். பல்லாரோ சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் ஒரு வெறும் டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"அக்கா, உங்கட தையல் புரோகிராம் விண்டோஸ் தொண்ணூற்றெட்டிலதான் ஓடும். அதை ஏத்திறதெண்டால் முதல்ல புளொப்பியால பெட்டியை எழுப்பவேணும். இதில புளொப்பி வாசல் செத்துப்போச்சு. சீடி வாசல் இல்லவே இல்லை. பென்டிரைவைக் குத்தினால் அது என்ன சாமான் எண்டே இதுக்குத் தெரியாது."

"அப்ப?"

"புளொப்பி இல்லாமல் ஒரு வழி இருக்கு. டிஸ்கைக் கொண்டுபோய் இதே வயசுப் பெட்டி ஒண்டில கொழுவி, அங்கை வைச்சே எல்லாத்தையும் கொப்பி பண்ணி, திரும்பக் கொண்டுவந்து இஞ்சை பூட்டலாம்."

"உன்ர லப்டொப்பில கொழுவன்."

"அதுக்குரிய வயர் ஓடர் பண்ணினால் அடுத்த கிழமைதான் வரும்."

"அப்ப ஆரிட்டை இருக்கு இந்த வயசுப் பெட்டி?"

றஞ்சித் கூரையைப் பார்த்தான். "ஒரேத்தோவில... குகனேஸ்வரி அக்காட்டை."

பலேர்மோவில் பூத்தையல் மெஷின் வைத்திருக்கும் மற்றத் தமிழ்ப் பெண் குகனேஸ்வரி; எந்தக் கலியாணத்திலும் யாராவது ஒருத்தியின் முதுகில் அவளுடைய மயில் இருக்கும். தன் டிசைனை அவள் களவெடுத்தாள் என்று இவள் சொல்வாள்; அவளும் அச்சொட்டாக அதையே சொல்வாள். இருவரும் நேரில் கதைத்துப் பல காலம்.

"நீயும் அவவும் ஒரே ஊரோ?"

"ஓம் அக்கா, கரவெட்டி."

"அப்பிடியே?" என்றாள் செலஸ்ரீனா. நேரே என் வீட்டுக்கு வந்தாள். "ரீச்சர், வெளிக்கிடுங்கோ. அவை ரெண்டு பேரும் ஒரே ஊராம், எனக்கொரு சாட்சி வேணும்."

ஊரின் மறுபக்கத்து ஒரேத்தோவுக்குப் போகும் பஸ்ஸில் டிஸ்கைத் தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். றஞ்சித் வாங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை.

"அது வெறும் டிஸ்க் அக்கா. களவெடுக்க உள்ளுக்கை ஒண்டுமில்லை."

"வெறுமையாப் போறது எனக்கும் தெரியும். வரேக்கை என்னத்தைச் சுமந்துகொண்டு வருதோ!"

குகனேஸ்வரி சம்மதித்ததே எனக்கு ஆச்சரியம். மறுத்தால் பயந்துவிட்டாள் என்று ஊர் கதைக்கும் என்பதால்தான் கதவைத் திறந்தாள் என்று நினைக்கிறேன். திறந்ததும் எங்கள் போன்கள் எல்லாவற்றையும் வாங்கிச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடினாள். றஞ்சித்தின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். இப்ப இதிலயும் கமரா வைக்கிறாங்களாம்."

தேநீர் வந்தது. குகனேஸ்வரி குடித்து முடித்து ஆள் நல்லாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகே செலஸ்ரீனா கோப்பையைத் தொட்டாள்.

றஞ்சித் புது டிஸ்கைக் குகனேஸ்வரியின் பெட்டிக்குள் கொழுவி, பெட்டியை எழுப்பினான். கறுப்புத் திரையில் ஏதோ தட்டிவிட்டு, "இனி டியை ஃபோர்மட் பண்ணலாம். அதைத் துடைச்சால்தான் விண்டோஸ் ஏறும்" என்றான்.

குகனேஸ்வரி கதிரையை விட்டு எழும்பிய வேகத்தில் கதிரையும் கூடவே எழும்பியது.

"டியோ! டியிலதானே என்ர டிசைன் எல்லாம் கிடக்கு! சியில விண்டோஸ், டியில டிசைன். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"இல்லை அக்கா, இப்ப டி எண்டது புது டிஸ்க்."

"காட்டு பாப்பம்!"

அவன் டியைத் திறந்து காட்டினான். வெறும் டிஸ்க் அல்லவா? ஒன்றும் கிடைக்கவில்லை என்று இத்தாலிய மொழியில் ஒரு வரி வந்தது. அதை வாசித்ததும் குகனேஸ்வரி தலையில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! அழிக்கவெண்டே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்!"

"நான் ஒரு சாமானையும் தொடேல்லை! நீங்கள்தான் என்ர டிஸ்குக்கு என்னவோ செய்துபோட்டியள்!" என்று செலஸ்ரீனா பெட்டிக்குக் குறுக்கே நின்றாள்.

றஞ்சித் நடுவில் நின்று கும்பிட்டான். "ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்கோ. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால், கதிரையில இருக்கிற வீட்டுப் பெடியன் எழும்பி மற்றக் கதிரைக்குப் போறானெல்லே? இரண்டாவது டிஸ்க் வந்தவுடனை கொம்பியூட்டர் டி எண்ட எழுத்தைத் தூக்கி அதுக்குக் குடுத்திட்டுது. உங்கட டிசைன் எல்லாம் அடுத்த எழுத்து ஈக்குப் போட்டுது. கழட்டினவுடனை பழையபடி டிக்கு வரும்."

ஈயைத் திறந்தான். இருந்தன. குகனேஸ்வரி ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திறக்க வைத்தாள். திறக்கும்போது செலஸ்ரீனாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். அவளும் நின்றாள். சனிக்கிழமை வரப்போகிறதே!

ஆனாலும் விசையைத் தட்டக் குகனேஸ்வரி விடவில்லை.

"என்ர டிசைன் ஒண்டையும் எடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும்."

"மடு மாதா மேல..."

"அது வேண்டாம். மாதா உங்கட ஆள், உமக்கெண்டால் விட்டுக்குடுப்பா. பிள்ளையாருக்கு நீர் பயப்பிடமாட்டீர். சாந்தா ரொசாலியா மேல பண்ணும். அவ இந்த ஊருக்கே காவல், ரெண்டு பேருக்கும் பொது."

ரொசாலியாவின் கோயில் இருக்கும் மலை எந்தப் பக்கம் என்று கொஞ்சம் வாக்குவாதப்பட்டு, கடைசியில் சமையலறை யன்னலுக்கு நேரே நின்று செலஸ்ரீனா சத்தியம் செய்தாள். பிறகு, "நீங்களும் பண்ணுங்கோ, என்ர டிஸ்குக்குள்ளை ஒண்டையும் ஒளிச்சு வைக்கமாட்டன் எண்டு" என்றாள். குகனேஸ்வரியும் முகத்தைச் சுளித்தபடி செய்தாள். றஞ்சித் அப்போதுதான் விசையைத் தட்டினான்.

குகனேஸ்வரியின் பெட்டியில் இருந்த விண்டோஸும், தையற்காரர் மெஷினோடு கொடுத்து செலஸ்ரீனா கொண்டுவந்த சீடியில் இருந்த தையல் புரோகிராமும் ஊர்ந்து ஊர்ந்து கொப்பியாகின. பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கழிவறைக்கும் போகவில்லை. அந்த நேரத்துக்குள் எனக்குத் தலை இன்னும் நரைத்தது.

வீட்டில் பூட்டியதும் செலஸ்ரீனாவின் பெட்டி ஒரு புளொப்பியும் இல்லாமல் எழும்பியது. விண்டோஸ் டிஸ்கிலிருந்தே தன்னைத் தானே ஏற்றிக்கொண்டது. அவள் முதலில் செய்த வேலை, குகனேஸ்வரி ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று மூலை முடுக்கெல்லாம் தேடியது. இல்லை. பிறகு கடுதாசியில் இருந்த பூவைக் கொம்பியூட்டரில் திரும்ப வரைந்து, வெள்ளிக்கிழமைக்குள் தைத்து முடித்தாள்.

கலியாணத்துக்குக் குகனேஸ்வரியும் வந்திருந்தாள். சாப்பாட்டு வரிசையில் மணப்பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜெசிக்காவின் சடையை ஒரு விரலால் விலக்கிச் சட்டை முதுகின் பூத்தையல் முழுவதையும் வாசித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். களவு பிடிபட்ட சந்தோஷம் எந்த நேரமும் அவள் முகத்தில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முகம் இருண்டது. நேரே செலஸ்ரீனாவிடம் வந்தாள்.

"அவ்வளவு நேரம் என்ர பெட்டிக்குப் பக்கத்திலதானே நிண்டனீர். என்ர மயில் ஒண்டைக்கூட எடுக்கேல்லையோ?"

"சத்தியம் பண்ணினனான்தானே அக்கா."

"சத்தியம் கிடக்கட்டும். ஏன், வடிவில்லையோ?"

செலஸ்ரீனா தட்டில் பொரியலை வைத்து ஒருமுறை யோசித்தாள். "வடிவுதான். ஆனால் ஜெசிக்காவுக்கு முதுகு சின்னன், அக்கா. உங்கட மயிலுக்குத் தோகை கூட."

குகனேஸ்வரி திரும்பி மணப்பெண்ணின் முதுகை இன்னொருமுறை அளந்தாள். "அதெண்டால் உண்மை," என்று செலஸ்ரீனாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன் கதிரையை ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.