எண்ட் வேணுமா, வேண்டாமா?

புரோகிராம் எழுதும் வேலையில் கம்ப்யூட்டரைவிட மனிதர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. இதே பிழைப்பில் இருப்பவர்கள் என் கஷ்டத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

கெலாங் பாத்தாவில் எங்கள் கம்பெனி, கிடங்குகளில் பெட்டி தூக்கும் இயந்திரங்களுக்காகச் சொந்தமாக ஒரு சின்னக் கணினி மொழி வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ‘எண்ட்’ என்று எழுதவேண்டும். அதை எடுத்துவிடலாம் என்றார் என்னுடன் வேலைபார்க்கும் சரவணன் அண்ணன்.

தலையாட்டல்

வரியை உள்ளே தள்ளி எழுதினாலே எது எதற்குள் அடங்குகிறது என்று தெரிகிறதே, எண்ட் எதற்கு என்றார் அண்ணன். சரியென்று பட்டது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஒன்று குறைந்தாலும் அர்த்தமே மாறிவிடும் என்றார் தேவி அக்கா. அதுவும் சரியென்று பட்டது. குழுவில் நாங்கள் மூன்றே பேர்; ஓட்டுப்போட்டுத்தான் முடிவெடுப்போம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மாலதி, நீ ரெண்டு பேருக்கும் தலையாட்டுற. ஓட்டு ஒண்ணுதான் லா.”

இரண்டு கார்

அண்ணனும் அக்காவும் உலு திராமில் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்புப் பகுதியில் இருப்பவர்கள். பல வருஷமாக ஒரே காரில்தான் வேலைக்கு வந்தார்கள். அந்த வாரத்திலிருந்து தனித்தனியாக வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஏன் என்று அண்ணனிடம் மெல்லக் கேட்டேன்.

“கார்ல ஏறுனதும் தேவி எண்ட்னு ஆரம்பிக்கிறாங்க. இறங்குற வரைக்கும் முடியவே மாட்டேங்குது.”

வாடிக்கையாளர் கருத்து

மொழியைப் பயன்படுத்துபவரையே கேட்டுவிடலாம் என்று ஒரு கிடங்குக்குப் போனேன். சூப்பர்வைசர் குணாவிடம் இரண்டு விதமாகவும் எழுதிய தாள்களை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, எண்ட் இல்லாத தாளைத் தொட்டார். அப்பாடா என்றிருந்தது. காரணம் கேட்டேன்.

“இதுல எழுத்து பெருசா இருக்கு. கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்மா.”

வாக்கெடுப்பு

எண்ட் இல்லாத புது முறையை நானே சோதித்துப் பார்த்தேன். போனிலிருந்து அனுப்பிய புரோகிராமில் ஒரு வரியின் இடைவெளி விழுந்துவிட்டது. ‘பெட்டி இருந்தால் தூக்கு’ என்றிருந்தது வெறும் ‘தூக்கு’ ஆகிவிட, சோதனை இயந்திரம் காற்றைத் தூக்கிக்கொண்டே இருந்தது. அக்கா பக்கம்தான் என்று முடிவு செய்தேன்.

கூட்டத்தில், அந்தச் சோதனையைப் பார்த்த அண்ணன் எண்ட் இருக்கட்டும் என்றார். குறை கண்டுபிடிப்பதற்காகப் புது முறையில் எழுதிப் பழகிய அக்காவோ, இப்போது எண்ட் எழுதக் கையே வரவில்லை, எடுத்துவிடலாம் என்றார். மறுபடியும் ஆளுக்கொரு பக்கம். ஒன்றும் புரியாமல், “ரெண்டும் இருக்கட்டுமே” என்றேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று மாலை அக்கா காரில் ஏறப்போன அண்ணன், நின்று என்னைக் கேட்டார்.

“அப்ப நான் இப்ப யார் கட்சி, மாலதி?”

எங்கள் மொழியில் இப்போது இரண்டு முறையும் செல்லும். எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் எது எங்கே முடிகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரிவதில்லை.