இருதயமேரி தைத்த படம்

திண்டிவனத்துக்குக் கிழக்கே கூலி சனங்கள் குடியிருந்த சேரியில் பிறந்தவள் இருதயமேரி. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். பூத்தையலும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். புருஷன் ராயப்பன் ரயில் பாதை வேலையில் செத்துப்போன பிறகு, அம்மை குத்தும் உத்தியோகம் கிடைத்தது. தோளில் ஒரு பை. அதில் கண்ணாடிக் குழலில் அடைத்த அம்மைப்பாலும், கையைக் கீறுகிற சின்ன ஆயுதமும். இவற்றோடு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களை நடந்தே சுற்றினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, பங்குனி மாசம். காணைப் பக்கம் பெரியம்மை பரவியது. மேரியின் தலை தெரிந்ததுமே தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் புகுந்துவிடுவார்கள். ஆத்தா வந்திருக்கும் ஊரில் இரும்பால் கீறினால் அவளுக்குக் கோபம் வரும் என்று பயம். சேரிப் பெண் கையைத் தொடுவதா என்ற சுளிப்பு வேறு.

அன்றைக்கும் தெரு காலி. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆள் நடமாட்டம். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே வாழையிலை விரித்து, அதன் மேல் ஒரு பெண் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் முத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு பூவைத் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் வெள்ளையம்மாள். சொந்த நிலம் வைத்துப் பயிரிடும் குடும்பத்து விதவை. அம்மை வந்த வீட்டுக்குள் பயப்படாமல் போய் வைத்தியம் பார்க்கிறவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

மேரி பையைத் திறக்கவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"கண்ணுல இன்னா உடறீங்கம்மா?"

"நந்தியாவட்டை. கண்ணு ஒட்டிக்காம இருக்கும். நீ எதுக்குக் கேக்கற? உன் வேலையைப் பாத்துக்கினு போ."

"வேற ஊர்ல வேற மாதிரி பண்றாங்க. அதான் கேட்டேன்."

வெள்ளையம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா பண்றாங்க?"

மேரி தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். ஒரு ஊரில் நிலவேம்பு கஷாயம். இன்னொரு ஊரில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பூச்சு. பேசிக்கொண்டே வெள்ளையம்மாளின் முகத்தைக் கவனித்தாள். முழுக்க அம்மைத் தழும்பு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் பார்த்த அம்மை வைத்தியர்கள் எல்லோருக்குமே முகம் இப்படித்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்பம்மா வந்துது?"

"சின்னப் புள்ளையில. அதனாலதான் தைரியமா உள்ள போறேன். ஒரு தபா வந்துட்டுப் போனா மறுபடியும் தொட மாட்டா."

"நான் குத்தறதும் அதுதாம்மா. கையில மட்டும் ஒரு சின்ன அம்மை. அது வந்து ஆறிட்டா பெருசு வராது."

வெள்ளையம்மாள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். "காய்ச்சல் வருமா?"

"வரும். கை வீங்கும். தழும்பும் நிக்கும்."

அவள் எழுந்து போய் அடுத்த வீட்டிலிருந்து தன் மருமகள் ஜெயத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெயத்துக்கு அம்மை வந்ததே இல்லை. மேரி தயங்கினாள்.

"தொட்டாத்தானே குத்த முடியும்? தொடு. இன்னா பாத்துக்கினு நிக்கற?"

ஜெயத்தின் கையில் குத்தியதைப் பார்த்த பிறகு, கொல்லைக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோரும் அல்ல. வராத வீடுகளில் இரண்டு சாவு விழுந்தது.

அன்றிலிருந்து மேரி வைத்தியர்களைத் தேடிப் போனாள். அவர்கள் சொன்னதைக் குறித்துவைத்த காகிதம் வியர்வையிலும் மழையிலும் நைந்துபோனதால், பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து அதில் ஊர்களைப் படமாகத் தைத்தாள். வேப்பிலை எல்லா இடத்திலும் இருந்ததால் அதற்கென்று நூல் கிடையாது. நந்தியாவட்டைக்கு நீலம், நிலவேம்புக்குப் பச்சை. எந்தெந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார் என்று வைத்தியர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் சொன்ன வீட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கு முதலில் குத்தினாள்.

மேலதிகாரி கோதண்டபாணி துணியை மேஜை மேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். "அம்மைப்பால் இனிமே இந்தத் துணி காட்டற வழியாவே போகட்டும். உனக்கு முதல்ல தர்றேன்" என்றார்.

துணியில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் மட்டும் ஒரு கறுப்பு முடிச்சு. அங்கே துரைக்கண்ணு என்ற வைத்தியர் எரிகிற பச்சிலைச் சாற்றைக் கண்ணில் விட்டார். இரண்டு பிள்ளைகளுக்குப் பார்வை போயிருந்தது. மேரி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை. அவள் வெள்ளையம்மாளிடம் போய் நின்றாள்.

சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காததால் கரி போட்டு ஓட்டுகிற பஸ்தான். இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தது வெள்ளையம்மாளின் காதில் விழாமல் இல்லை. அவள் வெற்றிலையை மடித்து, பாதியை மேரியிடம் நீட்டினாள்.

துரைக்கண்ணு வீட்டில் வெள்ளையம்மாள் அதட்டவில்லை. "அண்ணே, உங்க கைராசி எங்க ஊர் வரைக்கும் தெரியும். கண்ணுக்கு மட்டும் இதை உட்டுப் பாருங்க" என்று நந்தியாவட்டைப் பூவை முந்தானையிலிருந்து எடுத்து வைத்தாள். அவர் அந்தப் பூவைக் கையில் எடுத்தார். பிறகு, "அந்த ரெண்டு புள்ளைங்களை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சாற்றைத் தொடவில்லை.

மழை விழுந்ததும் அம்மை தணிந்தது. மறு வருஷம் கோதண்டபாணி மேரியைக் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பினார். கூடவே வெள்ளையம்மாளும் கிளம்பிவிட்டாள். பொம்மையார்பாளையத்தில் மீன்காரப் பெண் சின்னபொண்ணு, மணலில் படர்ந்த ஊதாப்பூக் கொடியை வதக்கி, அம்மை ஆறியவர்களின் வீங்கிய மூட்டுகளில் கட்டிக்கொண்டிருந்தாள். இருவருமே அதுவரை பார்க்காத வைத்தியம்.

மேரி பையிலிருந்து புதுத் துணியை எடுத்து மடியில் விரித்தாள். வெள்ளையம்மாள் சின்னபொண்ணுக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது இன்னா கொடிம்மா? எங்க ஊர்ல இல்லியே. முதல்லேர்ந்து சொல்லு."