குழாயில் வைத்த துணி

எங்கள் வீட்டுக்காரர் கருத்தையா சனிக்கிழமை தன் தலைக்கு எண்ணெய் வைத்தாரோ இல்லையோ, லாரி எஞ்சினுக்குத் தவறாமல் குளியல் நடக்கும். எஞ்சினின் மேலே எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு மூடி உண்டு. அதற்குள் கம்பிச் சுருள். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, புது எண்ணெயில் முக்கி, உதறி மாட்டுவார். பிறகு எங்கள் காரைக்குடி வீட்டு வாசலிலேயே வண்டிக்கு அடியில் படுத்து, கீழ்நோக்கித் தொங்கும் பிரீதர் குழாயைக் குச்சி விட்டுக் குடைவார். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய பழைய பெட்ரோல் லாரி அது. தேய்ந்துபோன எஞ்சினுக்குள் சேரும் புகை அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். "மனுசனுக்கு மூக்கடைச்சா வாயால மூச்சு விடுவான். இது எண்ணெயக் கக்கிரும்" என்பார். செங்கல், புளி, கானாடுகாத்தானில் பிரிக்கிற வீட்டுத் தூண் என்று எதை ஏற்றினாலும் அந்த வண்டி வழியில் படுத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கட்டின பெண்டாட்டிக்குச் சளி பிடித்தால் என்னவென்று கேட்காத மனுஷர், எஞ்சினுக்கு மூச்சடைத்தால் பதறுகிறாரே என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். எனக்கு வாய் நீளம். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டு எழ மாட்டார். அவரிடம் கெட்ட குணம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

ஒரே தங்கை பொன்னழகை அவரிடமிருந்து பிரித்ததும் அந்தக் குணம்தான். கல்லலுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வீரணன் என்பவருக்கு அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அறுபத்தாறில் அவள் மகள் செல்லாயிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். விடியற்காலை கிளம்பும்போது வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. பார்த்தால் குழாயில் சேறு அடைத்திருக்கிறது. "இந்தா ஆச்சு, ரெண்டு நிமிசம்" என்று படுத்தவர் எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, என் வீட்டுக்காரரின் பங்காளி, பொன்னழகுக்கு அண்ணன் முறையான தங்கச்சாமியின் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தி, பந்தியும் முடிந்திருந்தது.

பொன்னழகு அழவில்லை. "எம்பிள்ளைக்கு மாமன் இல்லைன்னு நெனச்சுக்கிறேன். நீங்க அந்தக் குழாயவே மடியில வச்சுக் கொஞ்சுங்கண்ணே" என்றாள். அதோடு மூன்று வருஷம் போக்குவரத்து இல்லை. தீபாவளிக்கு அவர் எடுத்து அனுப்பிய சேலை ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. அவர் வாங்கிப் பெட்டியில் வைப்பார். அன்றைக்கு மட்டும் சோறு சரியாக இறங்காது.

அறுபத்தொன்பது கார்த்திகையில் அவள் செத்துப்போனாள். நாலே நாள் காய்ச்சல். அடைமழையில் பஸ் ஓடவில்லை. துட்டி சொல்ல வந்த ஆள் நடந்தே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. "நாலு மணிக்கு எடுத்துருவாக. பொறந்த வீட்டுக் கோடிக்குத்தான் காத்துக் கெடக்கு" என்றான். உடன்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் எங்கள் சனத்தில் செத்த பெண்ணை எடுப்பார்கள். அதுதான் கோடி. மடியில் விட்டதைக் கோடியிலாவது செய்துவிட வேண்டும் என்று அவர் துடித்தார். கடைத்தெருவில் சேலை வாங்கி என் மடியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மழையில் ஊர்ந்து கல்லலைத் தாண்டும்போதே மணி மூன்று ஆகிவிட்டது. கண்மாய் நிறைந்து, தண்ணீர் முழங்காலுக்கு மேல் ரோட்டில் ஓடியது. அவர் இறங்கிக் குழாய்க்குள் துணியைத் திணித்தார். மேல் மூடியையும் ரப்பர் வைத்து இறுகக் கட்டினார். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறாமலிருக்க மழைக்காலத்தில் எப்போதும் செய்வதுதான். கரையேறியதும் முதல் வேலையாக இரண்டையும் எடுத்துவிடுவார். அன்றும் கரையேறியதும் வண்டியை நிறுத்தினார்.

"எங்க இறங்குறீக?" என்றேன்.

"துணிய எடுத்துட்டு வந்துர்றேன் புள்ள. ரெண்டு நிமிசம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கும் இதே குழாய், இதே ரெண்டு நிமிசம். அவ உசுரோட இருக்கையிலதான் போகல, பொணத்தையாச்சும் பாக்க வேணாமா? ஊருல போயி எடுத்துக்கலாம், போங்க" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கதவில் வைத்த கையை எடுத்து கியரைப் போட்டார். பதினேழு வருஷக் குடித்தனத்தில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் என் பேச்சைக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

மூன்று மைல் போயிருப்போம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. வெளியே போக வழியில்லாத புகை, எண்ணெயைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டது. கிளட்ச் தட்டெல்லாம் எண்ணெயாகி வழுக்குகிறது. குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, "நடப்பமா?" என்று மட்டும் கேட்டார். அப்போதே மணி மூன்றரை. இன்னும் நாலு மைல் இருந்தது. சேற்றில் அவர் முன்னால் ஓடினார். நான் கோடி நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

நாங்கள் போனபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நாலரை மணி வரை பார்த்துவிட்டு, தங்கச்சாமியைக் கோடி போடச் சொல்லி எடுத்துவிட்டார்களாம். அவர் சேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடினார். செல்லாயி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆத்தா நேத்தெல்லாம் 'எங்கண்ணன் வண்டிச் சத்தம் கேக்குதா பாரு'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு அத்தை." பொன்னழகு கோபம் தீர்ந்துதான் போயிருக்கிறாள்.

அவர் திரும்பி வந்தபோது சேலை கையில்தான் இருந்தது. ஒரு சாவில் இரண்டாவது கோடி விழக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். வீரணன் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "ஏன் மச்சான் இம்புட்டு நேரம்? தங்கச்சின்னு ஒரு நெனப்பு வேணாமா?"

"குழாயில வச்ச துணிய எடுக்க மறந்துட்டேன் மாப்ள" என்றார் அவர்.

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. 'நான்தான் எடுக்க விடல' என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த நீள வாய்க்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். எங்களுக்குள் வந்த எந்தச் சண்டையிலும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. தங்கச்சிக்குக் கோடி போட மறந்தவர் என்றுதான் அந்த ஊரில் அவருக்குப் பேர். எழுபத்தைந்தில் அவர் செத்தபோது அங்கிருந்து ஒருவரும் வரவில்லை, செல்லாயியும் வரவில்லை. அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள்.