கொக்கு மரத்தில் கட்டிய பாவு

காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஏலவார்குழலி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கொக்கம்மா என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். அம்பாள் பெயரை விட்டுவிட்டு இதென்னடி பெயர் என்று நான் கேட்டால், "கொக்கும் அவ படைச்சதுதானேக்கா" என்பாள்.

தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைதான் பாவு; பட்டுப் பாவுக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. விடியற்காலையில் பாவைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காய்ந்தபின் சுருட்டுவோம். ஈரத்தோடு அவிழ்த்தால் இழை ஒட்டிப் பாழாகிவிடும்.

தெருக்கோடிக் குட்டைக்கரையில் ஏழெட்டு இலுப்பை மரங்கள். தை மாதம் அதில் கொக்குகள் குஞ்சும் குடும்பமுமாய் இருக்கும். எச்சத்துக்குப் பயந்து அந்த மாதத்தில் யாரும் அங்கே பாவு கட்டமாட்டோம்.

அறுபத்தொன்பதாம் வருஷத் தை என்று நினைவு. மரத்தை வெட்டிக் குட்டையைத் தூர்த்துக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு. காண்டிராக்டு எடுத்தவர் அப்பாதுரை, எங்கள் தெருவில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். ஏலவார்குழலி அவரிடம் போய், "குஞ்சு பறக்கிற மட்டும் பொறுங்கண்ணா" என்றாள். "நாளைக்குக் கோடாலி வருதும்மா" என்றுவிட்டார்.

மறுநாள் அவர் ஆட்களோடு வந்தபோது, முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரை அரக்குச் சிவப்பில் பாவு கட்டியிருந்தது. மேலே பழைய வேட்டிகளால் பந்தல். முதலாளி வீட்டுப் பட்டு அது. கெட்டால் அப்புறம் யாரும் அவளை நம்பிப் பாவு கொடுக்கமாட்டார்கள். காமாட்சியை நினைத்துக்கொண்டு கஞ்சிச் சட்டியைப் பிடித்து நின்றேன்.

"இன்னாம்மா, போயும் போயும் கொக்குங்க கீழ கட்டிக்கினு இருக்குற? எச்சம் வுழுந்தா பட்டு போச்சு" என்றார் அப்பாதுரை.

"வுழாதுண்ணா. அதுங்களுக்கு என்னைத் தெரியும்."

கோடாலிக்காரர் ஒருவர் முடிச்சில் கை வைத்தார்.

"தொடாதப்பா. ஈரப் பாவு. எங்கம்மா இருந்தா என் கையை ஒடிச்சிருப்பா" என்று அப்பாதுரை அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நிழலில் பாவு காய நேரமாகும். அவிழ்த்தபோது உச்சிவேளை, ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அதே தெரு உமாபதி வீட்டுப் பாவு. அதற்கடுத்து எங்கள் வீட்டுப் பாவு. இப்படியே தெரு முறை வைத்துக்கொண்டது.

ஒரு காலையில் அப்பாதுரை கோடாலி இல்லாமல் வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இன்னாமா கத்துதுங்க, பசி போல" என்றார். பிறகு அவரே நகராட்சிக்குப் போய், குட்டையைத் தூர்த்தால் மழையில் கடைக்குள் தண்ணீர் நிற்கும் என்று சொல்லி, ரோட்டோரக் காலியிடத்தைக் கேட்டு வாங்கினார். கடைகள் அங்கே எழும்பின.

அடுத்த தையிலும் பந்தல் போட்டு அங்கேதான் பாவு கட்டியிருந்தோம். கடை திறப்புக்கு அழைக்க, சலவைச் சட்டையோடு அப்பாதுரை மரத்தடிக்கு வந்தார். அவர் தோளில் சொத்தென்று விழுந்தது.

ஏலவார்குழலி முதலில் இழையைத் தடவிப் பார்த்தாள். "பாவு தப்பிச்சுதுண்ணா" என்றாள். பிறகுதான் அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்தாள்.