மேகம் வைத்த எருக்கு

கட்டட வேலையில் அவரை எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறினால், வானத்தில் தொங்கும் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். காற்றடித்தால் அறை தொட்டில் போல ஆடும். மூடுபனி நாட்களில் கீழே ஊரே இருக்காது. வாக்கிடாக்கியில் வரும் குரல் மட்டும் இருக்கும்.

பனி விலகும்போது பறவைகளின் முதுகு தெரியும். ரயில் பாதையோரப் புதர்களை ஒட்டி, ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சைக்குத் தாவி வரும். ஒரு தெரு வந்ததும் தயங்கித் திரும்பிவிடும். அந்தத் தெருவில் வீட்டுப் பின்புறமெல்லாம் சிமென்ட் தரை. அதில் ஒன்று அவருடையது.

விடுமுறை நாளில் சம்மட்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கும் மனைவி, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, பைப் உடைஞ்சுபோச்சா?”

“இல்ல, தரையத்தான் உடைக்கிறேன்.”

“நல்லாத்தானே இருந்தது?”

“மேல இருந்து பார்த்தா நல்லா இல்ல.”

“மேல இருந்து உங்களத் தவிர யாரு பாக்கப் போறா?”

ரயில் பாதையோரம் தானாக வளர்ந்திருந்த எருக்கு, ஆவாரை, துத்தி, நொச்சி எல்லாம் கன்றாகவும் விதையாகவும் வந்து சேர்ந்தன.

“அவனவன் ரோஜா வாங்குறான். நீங்க களையத் தூக்கிட்டு வர்றீங்க.”

“நமக்கு முன்னாடியே இங்க குடியிருந்ததும்மா இது.”

“அப்ப வாடகை கேக்குமா?”

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு சொன்னார்: “சார், எருக்கம்பால் கண்ணுல பட்டா வம்பு. எங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கு.” நியாயம்தான். எருக்கு மட்டும் மதிலை விட்டு எதிர் மூலைக்குப் போனது.

செடிகள் இடுப்புயரம் வந்தன. எறும்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்த நிலையில்தான் மேகத்தை வேறு ஊர் வேலைக்கு அனுப்பினார்கள்.

ஒரு காலை மனைவி பின்புறம் போனபோது எருக்கிலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழுக்கள். விளக்குமாற்றைக் கொண்டுவந்து நின்றார். ஒரு புழு இலை ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீராகக் கத்தரித்துக்கொண்டே போனது. அதைப் பார்த்தபடி நின்றவர் வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டார்.

சில நாளில் செடி மொட்டையானது. புழுக்கள் வெறும் தண்டில் அலைந்தன. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பையும் கத்தியுமாக ரயில் பாதைக்கு நடந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த டாக்டர் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, இந்தப் பக்கம்?”

“வீட்டுக்கு வந்தவங்க பசியா இருக்காங்க, டாக்டர்.”

“விருந்தாளிங்களா?”

“ஆமா. சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாங்க.”

டாக்டர் பையைப் பார்த்தார், எருக்கைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒரு கிளையைப் பிடித்து வளைத்தார். “கண்ணு பத்திரம்மா,” என்றார்.

மேகம் ஊர் திரும்பிய காலையில் மனைவி உதட்டில் விரல் வைத்து அவரைப் பின்புறம் கூட்டிப்போனார். நொச்சி இலைக்கடியில் பச்சை மணி போலத் தொங்கிய புழுக்கூடு கண்ணாடியாகத் தெளிந்து, உள்ளே மடித்து வைத்த செம்மஞ்சள் இறகு தெரிந்தது. இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். கூடு பிளந்தது. வண்ணத்துப்பூச்சி கசங்கிய துணி போல வெளியே வந்தது, மெல்ல மெல்ல விரிந்தது. மனைவி போனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்: “இன்னிக்கு லேட்டாகும். வீட்ல ஒரு பிரசவம்.”

அது எழும்பி, மதிலைத் தாண்டி டாக்டர் வீட்டுக் குழந்தையின் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. மேகம் பையைத் தோளிலிருந்து இறக்கவே மறந்திருந்தார்.

டாக்டரும் மதிலோரம் சிமென்ட்டைப் பெயர்த்து ஒரு பட்டை மண்ணில் ஆவாரை போட்டார். மழைக்குப் பிறகு நொச்சியில் ஒரு சின்னப் பறவை கூடு கட்டிற்று. அதற்கு ஆள் நடமாட்டம் ஆகாது என்று மனைவி பின்புறத் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டார். இப்போது அந்த வீட்டுத் துணியெல்லாம் வாசலில்தான் காய்கிறது.